மலை கேட்டு வந்தவர்கள்

4 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் தலைமுடியைப் பின்னி ஒரு கயிறு செய்தார். இடுப்பில் கட்டிக் கொள்ளும் கயிறு அது. ஒருவருடைய முடியால் செய்தது அல்ல. பல பேருடைய முடியைச் சேர்த்துப் பின்னியது.

அந்தக் கயிற்றில் ஒரு துண்டு, 2014-ம் ஆண்டில் கிடைத்தது. கிடைத்த இடம், ஆஸ்திரேலியாவின் மேற்கே பில்பரா என்ற வறண்ட சீமையில், ஜூகான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பாறைக் குகை.

விஞ்ஞானிகள் அந்த முடியைச் சோதித்தார்கள். இன்று அதே பகுதியில் வாழ்கிற ஆதிகுடி மக்களின் ரத்த உறவு அதில் தெரிந்தது. அதாவது, 4 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கயிற்றைக் கட்டியவர்கள், இன்றைக்கு அங்கே இருப்பவர்களின் பாட்டன், பூட்டன்!

பாட்டியின் தாலிக்கொடியையோ, தாத்தாவின் வெற்றிலைப் பெட்டியையோ நாம் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். அதற்கு வயது 60 இருக்கும், 80 இருக்கும். அதையே யாரும் தொட விடமாட்டோம்.

அந்தக் குகையில் கிடைத்த பொருள்கள் சுமார் 7 ஆயிரம். கங்காருவின் எலும்பைக் கூராகச் சீவிய கருவி ஒன்று. அதற்கு வயது சுமார் 28 ஆயிரம் ஆண்டு. மனிதர்கள் அந்தக் குகையில் 46 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தங்கியிருக்கிறார்கள் என்று தெரிய வந்தது.

அந்தக் குகை இன்று இருக்கிறதா?

2020-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அது வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

தகர்த்தது யார்?

தகர்த்தது, ரியோ டின்டோ என்ற கம்பெனி. உலகத்திலேயே பெரிய சுரங்கக் கம்பெனிகளில் ஒன்று. இரும்புத் தாது எடுப்பதற்காகத் தகர்த்தது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனிக்கு "ஆதிகுடி மக்களோடு நல்லுறவு கொண்ட கம்பெனி" என்று பெயர்! மக்களோடு பேசுவதற்கு என்றே அதில் ஒரு தனி இலாகா. அதற்கு அதிகாரிகள். அந்த மக்களோடு 2011-ல் செய்து கொண்ட ஒப்பந்தமும் கையில் இருந்தது. இத்தனையும் இருந்தும் வெடி வெடித்தது.

எப்படி நடந்தது? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஏனென்றால் எல்லா ஊரிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது.

அந்த நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்கள் புட்டு குன்ட்டி குர்ராமா, பினிக்குரா என்ற மக்கள். (பெயரைச் சொன்னால் நமக்கு நாக்கு சுளுக்கும். நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர்களுக்கும் சுளுக்கும்.)

அவர்கள் செய்து கொண்ட ஒப்பந்தத்தில் கம்பெனி பணம் தர ஒப்புக்கொண்டது. அதற்குப் பதிலாக, சுரங்கத்துக்கு மறுப்புச் சொல்வதில்லை என்று மக்கள் ஒப்புக்கொண்டார்கள். சர்க்காரிடம் போய்ப் பாதுகாப்புக் கேட்பதற்கும் முதலில் கம்பெனியைக் கேட்க வேண்டும்! பணத்தைக் கொடுத்து வாயைக் கட்டியாகி விட்டது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1972-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஆதிகுடிகளின் புனித இடங்களைக் காப்பாற்றுவதற்காக வந்த சட்டம். அதிலேயே ஒரு பிரிவு: மந்திரி அனுமதித்தால் இடிக்கலாம். மந்திரியின் முடிவு பிடிக்காவிட்டால் கம்பெனி அப்பீல் செய்யலாம். அந்த இடத்துக்குச் சொந்தக்காரர்கள் அப்போது அப்பீல் செய்ய முடியாமல் இருந்தது.

2013-ல் மந்திரியின் அனுமதி கிடைத்தது. முடிக்கயிறும் எலும்புக் கருவியும் கிடைத்தது அடுத்த ஆண்டு, 2014-ல். "ஐயா, இப்படி ஓர் அரிய பொருள் கிடைத்திருக்கிறது. அனுமதியை மறுபடியும் யோசியுங்கள்" என்று கேட்பதற்கு அப்போது சட்டத்தில் வழியே இருக்கவில்லை.

4 வழிகள்

சுரங்கத்தை விரிவாக்கக் கம்பெனிக்கு 4 வழிகள் இருந்தன. அவற்றில் 3 வழிகளில் குகைக்குச் சேதம் வராது. நாலாவது வழியில் குகை போய்விடும். ஆனால் கூடுதலாக 80 லட்சம் டன் தாது கிடைக்கும். அதன் மதிப்பு சுமார் 13 கோடியே 50 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்.

கம்பெனி நாலாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. மற்ற 3 வழிகள் இருந்ததையே அந்த மக்களிடம் சொல்லவில்லை. பின்னால் பார்லிமெண்டு விசாரணையில்தான் இது வெளியே வந்தது.

2020 மே மாதம், ஒரு விழாவுக்காகக் குகையைப் பார்க்க வருகிறோம் என்று அந்த மக்கள் கேட்டார்கள். அப்போதுதான் பதில் வந்தது: அங்கே வெடி வைக்கப் போகிறோம்!

பாறையில் துளை போட்டு மருந்தும் கெட்டித்தாகி விட்டது. "எடுத்து விடுங்கள்" என்று கெஞ்சினார்கள். "போட்ட மருந்தை எடுப்பது ஆபத்து" என்றது கம்பெனி. ஏழெட்டு நாள் ஓட்டமாய் ஓடினார்கள். வக்கீல் வைத்தார்கள். டெல்லிக்கு ஓடுவது போல் கான்பெராவுக்குச் செய்தி அனுப்பினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

46 ஆயிரம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது.

பிறகு உலகமே கொதித்தது. முதலில் பெரிய அதிகாரிகளின் போனசை வெட்டினார்கள். "அது போதாது" என்று பங்குதாரர்களே எழுந்து நின்றார்கள். கடைசியில் தலைமை நிர்வாகியும் இன்னும் இரண்டு பெரிய அதிகாரிகளும் பதவி விலகுவதாக 2020 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. தப்பு செய்தவர்களுக்கு வேலை போயிற்று. குகை திரும்பி வரவில்லை.

பெண் கேட்பது

நம் ஊரில் பெண் கேட்டு வருகிறார்கள். பழம், பூ, வெற்றிலை பாக்கு எல்லாம் தட்டில் இருக்கிறது. வந்தவர்கள் இனிமையாகப் பேசுகிறார்கள். பெண்ணின் தம்பிக்கு வேலை வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். கூரையைப் பிரித்து ஓடு போட்டுத் தருகிறோம் என்கிறார்கள்.

எல்லாம் சரி. பெண் வீட்டார், "இல்லை, எங்களுக்கு இஷ்டம் இல்லை" என்று சொன்னால் அவர்கள் திரும்பிப் போவார்களா? போவார்கள் என்றால் அது சம்பந்தம் பேசுவது. போகமாட்டார்கள் என்றால்? தட்டில் எத்தனை பழம் இருந்தாலும் அதற்குப் பெயர் வேறு!

சுரங்கக் கம்பெனிகள் ஆதிகுடி மக்களோடு உறவு வைத்துக் கொள்கிற கதையையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எத்தனை பள்ளிக்கூடம் கட்டினார்கள், எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார்கள் என்பதெல்லாம் பிறகு. "வேண்டாம்" என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஐ.நா. சபை 2007-ல் ஒரு பிரகடனம் வெளியிட்டது. ஆதிகுடிகளின் நிலத்தைத் தொடுவதற்கு முன்பு, முன்கூட்டியே, விவரம் எல்லாம் சொல்லி, அவர்கள் மனமுவந்து தருகிற சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது அது. இந்தியா அதை ஆதரித்து ஓட்டுப் போட்டது. எதிர்த்து ஓட்டுப் போட்ட நாடுகள் 4. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து! (பிறகு நாலும் மனம் மாறி ஏற்றுக் கொண்டன.)

மரப்பட்டை மனு

இன்னொரு கதையைச் சொல்கிறேன். இது உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் தொடங்குகிறது.

இட்லிப் பானை அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் பாக்சைட் என்ற சிவந்த மண்ணிலிருந்து வருகிறது. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 4 டன் பாக்சைட் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கோவ் என்ற தீபகற்பம். அங்கே மண்ணுக்குள் பாக்சைட். மண்ணுக்கு மேல் யோல்ங்கு மக்கள். 1963-ம் ஆண்டு, அவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நிலத்தில் 300 சதுர கிலோ மீட்டருக்கு மேல் வெட்டி எடுத்துச் சுரங்கத்துக்குக் கொடுக்க ஆஸ்திரேலிய சர்க்கார் தீர்மானித்தது. அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அரிவாளைத் தூக்கவில்லை. பார்லிமெண்டுக்கு ஒரு மனு எழுதினார்கள்.

மரப்பட்டையை உரித்துத் தட்டையாக்கினார்கள். சுற்றிலும் தங்கள் குலச் சித்திரங்களை வரைந்தார்கள். நடுவில், தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் டைப் அடித்த காகிதத்தை ஒட்டினார்கள். அந்தச் சித்திரங்கள் வெறும் அலங்காரம் அல்ல. எந்த நிலம் எந்தக் குலத்துக்குச் சொந்தம் என்று சொல்பவை அவை. நாம் பட்டா வைத்திருக்கிறோம். அவர்களுக்குப் பட்டையே பட்டா!

1963 ஆகஸ்டு 14-ந் தேதி மனு பார்லிமெண்டுக்கு வந்தது. "கையெழுத்துப் போட்டவர்கள் இளவட்டங்கள். பெரியவர்கள் கருத்து இதுதானா?" என்று மந்திரி தரப்பில் சந்தேகம் கிளப்பினார்கள். உடனே இன்னொரு மனு வந்தது. அதில் பெரியவர்களின் கட்டை விரல் ரேகை! ஆகஸ்டு 28-ந் தேதி அதுவும் சபையில் வைக்கப்பட்டது.

சபை ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி போய்ப் பார்த்தது. "நஷ்டஈடு தர வேண்டும், புனித இடங்களைக் காக்க வேண்டும்" என்றது. ஆனால் சுரங்கம் நிற்கவில்லை.

கோர்ட்டுக்குப் போனார்கள். 1971-ல் தீர்ப்பு வந்தது. "இந்த மக்களிடம் ஒழுங்கான சட்டமும் முறையும் இருக்கிறது, தனி மனிதர்களின் இஷ்டத்துக்கு ஆளப்படுகிறவர்கள் அல்ல இவர்கள்" என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர்களுடைய நில உரிமையை ஆங்கிலச் சட்டம் ஏற்காது என்று வழக்கைத் தள்ளி விட்டார்! பாராட்டிக் கொண்டே கதவைச் சாத்துவது என்பது இதுதான்.

கல்லூரியில் நான் பூகோளம் படித்தபோது, ஆஸ்திரேலியப் படத்தில் வட பக்கமும் நடுப் பக்கமும் எழுத்தே இல்லாமல் வெறிச்சென்று இருக்கும். "இங்கே யாரும் இல்லை போலிருக்கிறது" என்று நினைத்துக் கொள்வேன். நான் மட்டும் அல்ல, ஆஸ்திரேலியச் சட்டமும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தது. வெள்ளையர் வந்து இறங்கியபோது அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. 1992-ல்தான், மாபோ என்ற வழக்கில், அந்த நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்டு அந்தப் பொய்யைத் துடைத்தெறிந்தது.

யோல்ங்கு மக்கள் தோற்றது வீண் போகவில்லை. அவர்கள் எழுப்பிய குரலால் 1976-ல் வடக்குப் பிரதேசத்துக்கு ஒரு நிலச் சட்டம் வந்தது. ஆதிகுடி நிலத்தில் கனிமம் தேட வருகிறவனை "வராதே" என்று சொல்லும் உரிமை அதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே தோண்டத் தொடங்கிய கோவ் சுரங்கத்தை அது தடுக்கவில்லை.

அந்த நாளில் கோர்ட்டில் பெரியவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன இளைஞர் ஒருவர், கலார்வுய் யுனுபிங்கு. பின்னாளில் அந்த மக்களின் பெருந்தலைவர் ஆனார். அவருடைய தகப்பனார், மரப்பட்டை மனுவோடு சம்பந்தப்பட்ட பெரியவர்களில் ஒருவர். 2019-ல் யுனுபிங்கு மறுபடியும் வழக்குப் போட்டார். 2023-ல் அவர் காலமானார். 2025 மார்ச் மாதம் உயர்ந்த கோர்ட்டு சொன்னது: ஆதிகுடிகளின் நில உரிமையும் சொத்துதான், சர்க்கார் அதைப் பறித்தால் நியாயமான ஈடு தர வேண்டும்.

மனு கொடுத்தது 1963. நியாயம் என்ற சொல் காதில் விழுந்தது 2025. நடுவில் 62 ஆண்டுகள். தகப்பன் தொடங்கியதை மகன் நடத்தி, மகனும் போன பிறகு தீர்ப்பு.

ஒன்று கவனியுங்கள். இந்த மக்கள் சுரங்கமே கூடாது என்கிறவர்கள் அல்ல. யுனுபிங்குவின் குலமான குமாட்ஜ் மக்கள் 2017-ல் தாங்களே ஒரு சிறிய பாக்சைட் சுரங்கம் தொடங்கினார்கள்! அவர்களுடைய சண்டை மண்வெட்டியோடு அல்ல. "யார் வீட்டுக் கொல்லையில் யாரைக் கேட்டு வெட்டுகிறாய்?" என்பதுதான் சண்டை.

முதலில் ஆலை, பிறகு மலை

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

ஒடிசாவில் ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் நியாம்கிரி மலை இருக்கிறது. அங்கே வாழ்கிறவர்கள் டோங்ரியா கோந்து மக்கள். சுமார் 8 ஆயிரம் பேர்தான். மலைச் சரிவில் அன்னாசி, ஆரஞ்சு, மஞ்சள், சிறுதானியம் பயிரிடுகிறார்கள். பூ வேலை செய்த சால்வை அணிவார்கள். அதில் முக்கோணம் முக்கோணமாக வரும். முக்கோணம் என்றால் மலை. 2024-ல் அந்தச் சால்வைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மலை உச்சியில் அவர்களுடைய தெய்வம் நியாம்ராஜா இருக்கிறார். தெய்வத்தின் காலடியில் பாக்சைட் இருக்கிறது. 7 கோடி டன்னுக்கு மேல்!

வேதாந்தா கம்பெனி மலையடிவாரத்தில் லாஞ்சிகர் என்ற இடத்தில் ஆலை கட்டியது. அப்போது அது ஆண்டுக்கு 10 லட்சம் டன் அலுமினா செய்யும் ஆலை. மலையைத் தோண்ட இறுதி அனுமதி கிடைப்பதற்கு முன்பே ஆலை எழும்பி விட்டது.

கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, சமையல்காரரையும் அமர்த்திவிட்டுப் பிறகு பெண் கேட்க வந்தது போல!

கம்பெனி பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று உதவிகள் செய்தது. சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கட்டத்தில், லாபத்தில் 100-க்கு 5 பங்கு அல்லது 10 கோடி ரூபாய், இதில் எது அதிகமோ அதை ஆண்டுதோறும் அந்தப் பகுதி முன்னேற்றத்துக்குத் தர வேண்டும் என்று யோசனை கூறியது. 10 கோடி என்றால் சின்னத் தொகையா? 8 ஆயிரம் பேர் உள்ள சமூகத்துக்கு அது மலைதான்.

ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே ஒரு மலை இருந்தது.

மழை பெய்தால் அந்த உச்சி மண் தண்ணீரைக் குடித்து வைத்துக் கொள்கிறது. கோடையில் ஓடையாக விடுகிறது. வம்சதாரா நதி அங்கேதான் பிறக்கிறது. உச்சியைச் சீவி விட்டால் ஓடை எங்கே? ஓடை இல்லாவிட்டால் அன்னாசி எங்கே, மஞ்சள் எங்கே? பக்தி, பக்தி என்று படித்தவர்கள் கேலி பேசினார்கள். அந்தப் பக்திக்குள் ஒரு நல்ல குடியானவனின் கணக்கு இருக்கிறது என்பதை அவர்கள் பார்க்கவில்லை.

2010-ல் மத்திய சர்க்கார் அனுமதி மறுத்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2013 ஏப்ரல் 18-ந் தேதி கோர்ட்டு ஓர் அருமையான தீர்ப்புச் சொன்னது. அங்கே வாழ்கிற மக்களின் வழிபாட்டு உரிமை என்ன என்பதை டெல்லியும் சொல்ல வேண்டாம், புவனேசுவரமும் சொல்ல வேண்டாம். அவர்களுடைய கிராம சபைகளே சொல்லட்டும் என்றது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதற்குக் கைகொடுத்தது.

12 கிராமங்கள்

மாநில சர்க்கார் 12 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. "மலையில் 100-க்கும் அதிகமான ஊர்கள் இருக்க, 12 மட்டும்தானா?" என்று மக்கள் முணுமுணுத்தார்கள். சர்க்காருக்கு ஓர் ஆசை இருந்திருக்கலாம். 12-ல் பாதியாவது சரி என்று சொல்லாதா?

2013 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சபைகள் கூடின. நீதிபதி முன்னிலையில், மழையிலும் சேற்றிலும், ஆணும் பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் பெரும்பாலோர். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் மொழியில் பேசினார்கள்.

முதல் கிராமம் வேண்டாம் என்றது. இரண்டாவது வேண்டாம் என்றது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது... ஆகஸ்டு 19-ந் தேதி கடைசிக் கிராமமும் வேண்டாம் என்றது. 12-க்கு 12!

2014 ஜனவரியில் மத்திய சர்க்கார் சுரங்கத்துக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. "மறுபடியும் சபைகளைக் கூட்ட வேண்டும்" என்று மாநிலத்தின் சுரங்கக் கழகம் 2016-ல் கேட்டது. சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை.

அந்த ஆலை மூடப்படவில்லை. வெளியிலிருந்து பாக்சைட் வாங்கி ஓடுகிறது. "மலை கிடைக்காவிட்டால் ஆலையே நாசம்" என்று சொன்னவர்களை இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

நம் பக்கத்திலும் பாக்சைட் மலைகள் உண்டு. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் எடுத்த பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போயிற்று. அந்த மலைகளிலும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். நியாம்கிரியில் நடந்ததைப் போல அவர்களை உட்கார வைத்துக் கேட்ட சபை பற்றி நாம் படித்ததில்லை.

கப்பல் காத்திருக்கிறது

"அப்படியானால் கம்பெனிக்கும் ஆதிகுடிக்கும் ஒத்துப் போகவே போகாதா?" என்று கேட்பீர்கள். போகும். போயிருக்கிறது.

அமெரிக்காவின் வடகோடி, அலாஸ்கா. பனிப் பிரதேசம். அங்கே ரெட் டாக் என்ற பெரிய துத்தநாகச் சுரங்கம். நிலம், இனுப்பியாத் மக்களுக்குச் சொந்தம். நானா என்ற கழகத்தின் பெயரில் அவர்களே அதை வைத்திருக்கிறார்கள். நிலம் தங்கள் கையில் இருந்ததால் அவர்கள் அவசரப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் யோசித்தார்கள். பெரியவர்களைக் கேட்டார்கள். 1982-ல் ஒப்பந்தம் போட்டார்கள். 1989-ல் உற்பத்தி தொடங்கியது.

கம்பெனி முதலைத் திரும்ப எடுத்த பிறகு, 2007 முதல் நிகர வருமானத்தில் 100-க்கு 25 பங்கு அந்த மக்களுக்கு. 5 ஆண்டுக்கு ஒரு தடவை இன்னும் 5 கூடும். 50 ஆகும் வரை கூடும். கிடைப்பதில் பெரும் பங்கை அலாஸ்காவின் மற்றப் பழங்குடிக் கழகங்களுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம், கொடுக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது பணம் அல்ல. வேட்டைக்காரப் பெரியவர்கள் கொண்ட ஒரு கமிட்டி அங்கே இருக்கிறது. காட்டு மான் கூட்டம் பாதையைக் கடக்கும்போது தாது லாரிகள் நிற்க வேண்டும். கடலோரத்து மக்கள் பருவ வேட்டையை முடிக்கும் வரை தாதுக் கப்பல் துறைமுகத்துக்கு வராமல் காத்திருக்க வேண்டும்.

கோடிக்கணக்கான டாலர் சரக்கு ஏற்ற வந்த கப்பல், படகில் போன நாலு கிழவர்களுக்காகக் காத்திருக்கிறது! உறவு என்றால் இது உறவு.

அதற்காக அதைச் சொர்க்கம் என்று எண்ண வேண்டாம். சுரங்கக் கழிவு நீரைப் பற்றி ஆற்றின் கீழ்ப்பக்கத்துக் கிராமத்தார் வழக்குப் போட்டதும் உண்டு. கணவன், மனைவிக்குள் சண்டை வருகிறதே, அது போல. சண்டை போடுகிற உரிமை இரண்டு பேருக்கும் இருக்க வேண்டும்.

இரும்பு வேண்டாமா?

"நாட்டுக்கு இரும்பு வேண்டாமா? அலுமினியம் வேண்டாமா? ரெயில் எதில் ஓடும்? மின்சாரக் கம்பி எதில் இழுப்பது?" என்று சிலர் கேட்கிறார்கள்.

வேண்டும். யார் இல்லை என்றது? இதை எழுதுகிற பேனாவின் மூடியும் உலோகம்தான். ஆனால் "நாட்டுக்கு வேண்டும்" என்ற பேச்சு எப்போதும் ஏன் மலையில் இருக்கிறவனிடமே போய் நிற்கிறது? பட்டணத்தில் ஒரு பெரிய மனிதர் பங்களாவுக்கு அடியில் தாது கிடைத்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெடி வைப்பார்களா?

"அவர்களிலேயே சிலர் சுரங்கம் வேண்டும் என்கிறார்களே" என்கிறார்கள் இன்னும் சிலர். உண்மைதான். ஒரு வீட்டிலேயே நாலு கருத்து இருக்கும்போது ஒரு மலையில் இருக்காதா? அதனால்தான் நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது தப்பு என்கிறோம். ஆஸ்திரேலியாவில் ஆர்கைல் என்ற வைரச் சுரங்கத்தில் 1980-ல் அப்படித்தான் ஒரு சிலரிடம் மட்டும் ஒப்பந்தம் வாங்கினார்கள். அதற்கு "நல்ல அண்டை வீட்டார் ஒப்பந்தம்" என்று பெயர்! பெண்கள் புனிதமாகக் கருதிய இடத்தையே அந்தச் சுரங்கம் விழுங்கியது. அந்த மனக்கசப்பு ஆறவே இல்லை. 20 ஆண்டுக்கு மேல் கழித்து, 2004-ல், எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிப் புது ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. 2020-ல் சுரங்கமே மூடப்பட்டது. ஆக, அந்தச் சுரங்கத்தின் வாழ்நாளில் பாதிக்கு மேல், தப்பான கையெழுத்தோடு ஓடியிருக்கிறது.

நம் நாட்டில் 2015 முதல் மாவட்டக் கனிம நிதி என்று ஒன்று வந்திருக்கிறது. சுரங்கக்காரர்கள் செலுத்தும் பணத்தில் ஒரு பகுதி அந்த மாவட்டத்து மக்களுக்குச் செலவாக வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது தோண்டிய பிறகு வருகிற பணம். தோண்டலாமா என்று கேட்கிற கிராம சபைக்கு அது ஈடாகாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிற அதிகாரிகள் இருக்கிறார்கள்.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழங்குடி கிராமத்துக்குப் போகும்போது, படம் காட்டும் கருவியோடும் கலர் புத்தகத்தோடும் போகிறீர்கள். அவர்கள் மொழி தெரிந்த ஒருவரோடு போங்கள். ஒரு நாளில் முடித்துக் கொண்டு வர நினைக்காதீர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக் கொள்ள, திருவிழாவும் அறுவடையும் முடிய, மாதங்கள் ஆகும். 4 வழிகள் இருந்தால் நாலையும் சொல்லுங்கள். வாயைக் கட்டுகிற ஷரத்துகளை ஒப்பந்தத்திலிருந்து கிழித்தெறியுங்கள். பெண்களைக் கேளுங்கள், தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான். "வேண்டாம்" என்றால், தட்டை எடுத்துக் கொண்டு மரியாதையாகத் திரும்புங்கள்.

ஜூகான் பள்ளத்தாக்கில் இப்போது என்ன நடக்கிறது? மேற்கு ஆஸ்திரேலியா ஒரு புதுச் சட்டம் கொண்டு வந்தது. 2023 ஜூலையில் அமலுக்கு வந்தது. பண்ணைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அடுத்த மாதமே, அதை விலக்கிக் கொள்வதாக சர்க்கார் அறிவித்து விட்டது. பழைய 1972-ம் ஆண்டுச் சட்டமே, சில திருத்தங்களோடு திரும்ப வந்தது.

கம்பெனியும் அந்த மக்களும் 2022-ல் ஓர் ஈட்டு ஒப்பந்தம் செய்தார்கள். 2025-ல் இன்னொன்று. சுரங்கத் திட்டம் போடும்போதே அந்த மக்கள் கூட உட்காருவார்கள் என்பது இதன் சாரம். வெடி வைத்த அதே குகையில், இடிந்து விழுந்த பாறைகளை அகற்றி, மறுபடியும் தோண்டிப் பார்க்கும் வேலையும் நடந்தது. அந்த மக்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, தூள் தூளான மண்ணைச் சலித்து, மிஞ்சியது ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள்.